கானாடுகாத்தான் வீட்டு வால்வு ஆம்ப்ளிஃபயர்: பிளக்கைச் சொருகலாமா, பிரித்துப் பார்க்கணுமா?

வளவுவாசி:
கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டு அறையைக் காலி செய்தபோது வந்த வால்வு ஆம்ப்ளிஃபயர். பெயர்த்தகடு இல்லை, அது இருந்த இடத்தில் ரெண்டு ரிவெட் ஓட்டை மட்டும்.

இரும்பு சேசிஸ், சாம்பல் நிறப் பெயிண்ட். முன்பக்கம் மைக் 1, மைக் 2, பிக்கப், டோன் என நாலு குமிழ். மேலே பெரிய வால்வு மூணு, எல்லாம் எட்டுக் கால். சின்னது மூணு, ஒன்பது கால். அதில் ரெண்டில் இ.சி.சி.83 என்றும் பி.இ.எல். (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) என்றும் படிக்க முடிகிறது. பெரிய வால்வு ஒன்றில் கடைசி '34' மட்டும் தெரிகிறது, முன்னெழுத்து அழிந்துவிட்டது. ஸ்பீக்கர் டெர்மினல்: காமன், 4, 8, 15 ஓம், 100 வோல்ட். மெயின்ஸ் டாப் 200, 220, 240. இப்போது 220-இல் இருக்கிறது. துணி சுற்றிய ரெண்டு கோர் ஒயர்.

இது என்ன செட்? வேரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மெதுவாக ஏற்றிப் பார்க்கலாமா? காரைக்குடிப் பழம்பொருள் கடைத்தெருவில் வால்வை மட்டும் கழற்றித் தரச் சொல்கிறார்கள்.

சீரிஸ்பல்பு:
வால்வைத் தனியாகக் கொடுக்காதீர்கள், ஈரத்துணியால் துடைக்கவும் செய்யாதீர்கள். கண்ணாடி மேல் இருக்கும் எழுத்து விரல் பட்டாலே உதிரும்.

'34'ஐ மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இ.எல்.34 ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு, ஜி.இசட்.34 ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபயர். ஐரோப்பியப் பெயரில் முதல் எழுத்து ஹீட்டரை (வால்வைச் சூடாக்கும் இழை) காட்டும்: இ என்றால் 6.3 வோல்ட், ஜி என்றால் 5 வோல்ட். அடுத்த எழுத்து வால்வின் வேலை: சி டிரையோடு, எல் அவுட்புட் பென்டோடு, இசட் ஃபுல்வேவ் ரெக்டிஃபயர். எண் 3-இல் தொடங்கினால் எட்டுக் கால், 8-இல் தொடங்கினால் ஒன்பது கால்.

எழுத்து போனால் சாக்கெட்டைப் பாருங்கள். மெயின்ஸிலிருந்து பிடுங்கி, சேசிஸைக் கவிழ்த்து, சாக்கெட் நடுத் துளையில் இருக்கும் காடியிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணுங்கள். ஹீட்டர் ஒயர் 2, 7-க்குப் போனால் அவுட்புட். 2, 8-க்குப் போய், 4-லும் 6-லும் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் தடித்த ஒயர் வந்தால் ரெக்டிஃபயர். அவுட்புட் சாக்கெட்டில் 1-ஐயும் 8-ஐயும் இணைத்திருந்தால் இ.எல்.34-க்காகக் கட்டிய செட். 1 சும்மா கிடந்தால் 6எல்6 என்ற இன்னொரு அவுட்புட் வால்வாக இருக்கலாம். மற்ற கால்கள் ரெண்டுக்கும் ஒன்றே என்பதால் மாற்றிச் சொருகிவிடுவார்கள். 6எல்6 ஒன்றுக்கு ஹீட்டர் 0.9 ஆம்பியர், இ.எல்.34-க்கு 1.5. ஒரு ஜோடி மாறினால் 1.2 ஆம்பியர் கூடுதல், பவர் டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும்.

கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு பளபளப்பாக இருக்கிறதா பாருங்கள். பால் வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது, அது குப்பை.

வேரியாக் வேண்டாம்.

மைக்செட்_கோட்டையூர்:
காரணத்தைச் சொல்லிட்டு வேண்டாம்னு சொல்லலாமே அண்ணே. 100 வோல்ட் டெர்மினல் இருக்குன்னா இது மைக்செட் ஆம்ப்ளிஃபயர். கோயில் திருவிழாவுல ஜெனரேட்டர் வோல்டேஜ் ஏறி இறங்க விடிய விடிய ஓடுறதுக்குன்னே கட்டுன பொருள். வேரியாக்குல 50 வோல்ட்டுல ஆரம்பிச்சு அரை மணிக்கு ஒருதரம் 20 வோல்ட் ஏத்துனா கண்டன்சர் தானா உயிர் பிடிக்கும். எடுத்ததும் சால்டரிங் அயனைத் தூக்குனா நல்ல செட்டும் கெடும்.

சீரிஸ்பல்பு:
ரெக்டிஃபயர் டையோடாக இருந்தால் நீங்கள் சொல்வது நடக்கும். இதில் இருப்பது வால்வு. வேரியாக் 100 வோல்ட்டில் இருக்கும்போது அதன் 5 வோல்ட் ஹீட்டருக்கு 2 வோல்ட் சொச்சம்தான் கிடைக்கும். கேதோடு (எலக்ட்ரானை விடும் பாகம்) சூடாகாது, டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சருக்கு ஒரு வோல்ட்கூடப் போகாது. இன்னும் ஏற்றும்போது வால்வு சட்டென விழித்து முந்நூறு வோல்ட்டை ஒரே மூச்சில் தள்ளும். மணிக்கணக்காக ஏற்றியதில் கண்டன்சருக்கு ஒரு பயனும் இல்லை.

இதை இப்படிச் செய்யலாம். 100 வாட் இழை பல்பை மெயின்ஸுக்கு சீரிஸில் போடுங்கள் (எல்.இ.டி. பல்பு உதவாது). டாப்பை 240-க்கு மாற்றுங்கள். 220 டாப்பில் 240 வோல்ட் கொடுத்தால் 6.3 ஹீட்டர் 6.87 ஆகும், அனுமதி 6.9 வரைதான். எல்லா வால்வையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அடங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் நலம். முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், அங்கேயே நிறுத்துங்கள். பிறகு எலக்ட்ரோலிடிக், காகிதக் கண்டன்சர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு வால்வைப் போடுங்கள்.

தேவகோட்டை_ஓம்ஸ்:
முதல் பாதி சரி, 'எல்லாவற்றையும் மாற்றி' என்பது அராஜகம். தேக்கு நிலையைப் பிடுங்கிவிட்டு அலுமினியக் கதவு போடுகிற வேலை அது. இதற்குப் பெயர்த்தகடு இல்லை, உள்ளே இருக்கும் பாகங்கள்தான் அடையாளம். அவற்றையும் வெட்டி எறிந்தால் எந்தக் காலத்துச் செட் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேரியாக்கையும் பயன்படுத்தலாம், ரெக்டிஃபயர் வால்வை எடுத்துவிட்டு. அந்த இடத்தில் தற்காலிகமாக 1என்4007 டையோடு, பக்கத்துக்கு ரெண்டு சீரிஸில். ஒன்று போதாது: 350-0-350 (நடுவிலிருந்து பக்கத்துக்கு 350 வோல்ட்) டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு டையோடு தாங்க வேண்டிய எதிர் வோல்டேஜ் 990, அதன் வரம்பு 1000. அவுட்புட் வால்வுகளை வெளியே எடுத்துவிட்டு, டையோடுக்கும் கண்டன்சருக்கும் நடுவே 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர். அதன் குறுக்கே 10 வோல்ட் நின்றால் 1 மில்லி ஆம்பியர் லீக். சின்ன வால்வுகளும் வெளியே இருக்க வேண்டும், இல்லையென்றால் அவை இழுப்பதும் கணக்கில் சேரும். லீக் குறையக் குறைய ஏற்றுங்கள். 240 டாப்பில் வேரியாக் 200-ஐத் தாண்டக் கூடாது; அங்கேயே 412 வோல்ட் வந்துவிடும், கண்டன்சர் டப்பா மேல் எழுதியிருக்கும் வரம்பு பெரும்பாலும் 450. அந்த 412-இல் லீக் 2 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கி, டப்பா கைச்சூடும் இல்லாமல் நின்றால் அது பிழைத்தது. இறங்கவில்லையா, டப்பாவை அடியில் அறுத்து உள்ளே புதுசை வைத்து மூடுங்கள். வெளித்தோற்றம் அப்படியே இருக்கும்.

சீரிஸ்பல்பு:
ஃபில்டர் கண்டன்சர் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை, நேரம் இருப்பவர் செய்யட்டும். கப்ளிங் கண்டன்சரில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இ.சி.சி.83-இன் ஆனோடிலிருந்து (பிளேட்) அவுட்புட் வால்வின் 5-ஆம் காலுக்கு (கிரிட்) போகும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் அது. மெழுகு பூசிய காகிதக் கண்டன்சர் என்றால் நம்ம ஊர் வெயிலில் இத்தனை வருஷத்துக்கு லீக் ஆகியே இருக்கும். கிரிட்டில் பாசிட்டிவ் ஏறினால் வால்வு அளவுக்கு மீறி இழுக்கும், பிளேட் செக்கச் சிவக்கும், அடுத்தது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். போனால் அதுதான் திரும்பக் கிடைக்காத பாகம்.

தேவகோட்டை_ஓம்ஸ்:
அளந்து பாருங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். அவுட்புட் வால்வு வெளியே, மற்றது எல்லாம் உள்ளே, செட் ஆனில். 5-ஆம் காலுக்கும் சேசிஸுக்கும் டி.சி. வோல்ட். கேதோடு ரெசிஸ்டரில் பயாஸ் (வால்வு இழுப்பதைக் கட்டுப்படுத்தும் வோல்டேஜ்) எடுக்கும் செட்டில் பூஜ்யம் வர வேண்டும். 0.2-க்கு மேல் பாசிட்டிவ் வந்தால் மாற்றுங்கள், 0.1 மைக்ரோ 630 வோல்ட் பாலியெஸ்டர் போதும். ஆனால் கடுகு மஞ்சள் நிற மல்லார்ட் கண்டன்சர் இருந்தால் அது ஏற்கெனவே பாலியெஸ்டர்தான், பெரும்பாலும் இன்றைக்கும் சரியாக இருக்கும். பார்க்காமலே வெட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

மைக்செட்_கோட்டையூர்:
ரெண்டு பேரும் ரெக்டிஃபயரை விட்டுட்டீங்க. ஜி.இசட்.34 இன்னைக்கு விலை ஜாஸ்தி. அந்த டையோடையே நிரந்தரமா வச்சுட்டா செலவு இருபது ரூபா. இல்லாட்டி 5யு4 ரெக்டிஃபயர் வால்வு போடலாம், கால் ஒண்ணுதான்.

சீரிஸ்பல்பு:
ரெண்டும் கூடாது. 5யு4-க்கு ஹீட்டர் 3 ஆம்பியர், ஜி.இசட்.34-க்கு 1.9. அந்த 5 வோல்ட் சுற்று 1.9-க்குச் சுற்றியதாக இருந்தால் புகையும்.

டையோடு கதை இன்னும் மோசம். ஜி.இசட்.34 மெதுவாகச் சூடாகும், அதற்குள் அவுட்புட் வால்வுகளும் தயாராகி லோடு இழுக்கும். டையோடு சுவிட்ச் போட்ட நொடியே கொடுத்துவிடும். 350 வோல்ட்டுக்கு உச்சம் 495. லோடே இல்லாத அந்தச் சில நொடிகள் 450 வோல்ட் கண்டன்சர் 495-ஐத் தாங்கணும். இரவில் லைன் 250-க்கு ஏறினால் இன்னும் கூடும். ஒரு நாள் டப்பா மூடி உத்தரத்தில் போய் ஒட்டும். ஒரு வால்வு விலையை மிச்சம் பிடிக்க இதெல்லாம் தேவையா?

அதேபோல் ஜி.இசட்.34 பக்கத்தில் முதல் ஃபில்டர் கண்டன்சர் 60 மைக்ரோவுக்கு மேல் போகக் கூடாது. ஹம் (உறுமல் சத்தம்) குறையட்டும் என்று 220 மைக்ரோ போட்டால் வால்வுக்குள் பொறி பறக்கும்.

மைக்செட்_கோட்டையூர்:
சரி, அதை விடுங்க. ஸ்பீக்கர் விஷயத்துல நான் சொல்றதைக் கேட்டுத்தான் ஆகணும். ஸ்பீக்கர் மாட்டாம வால்வு செட்டை ஓட்டவே கூடாது. டிரான்சிஸ்டர் செட்டுக்கு ஷார்ட் ஆனா ஆபத்து, வால்வு செட்டுக்கு ஓப்பன் ஆனா ஆபத்து. லோடு இல்லாம பாட்டு ஓடுனா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள ஆயிரம் வோல்ட்டுக்கு மேல எகிறி இன்சுலேஷன் ஓட்டையாகும். முதல் டெஸ்டுக்கு 8 ஓம்ஸ் 25 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் மாட்டுங்க.

100 வோல்ட் டெர்மினல்ல 8 ஓம்ஸ் பெட்டியை மாட்டாதீங்க. 30 வாட் செட்டுன்னா அந்த டெர்மினல் எதிர்பாக்குறது 333 ஓம்ஸ். அது லைன் டிரான்ஸ்ஃபார்மர் வச்ச ஹார்னுக்கு, நூறு இருநூறு அடி ஒயர் இழுக்குறதுக்கு. வளவுல வச்சு வீட்டுக்குள்ள கேக்கணும்னா 8-ல ஒரு நல்ல பெட்டி ஸ்பீக்கர். ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புச் சுவரும் எதிரொலி ஜாஸ்தி பண்ணும், அங்க ஹார்ன் வச்சா பேச்சே புரியாது.

தேவகோட்டை_ஓம்ஸ்:
இதில் முழு உடன்பாடு. டெர்மினல் எழுத்தை நம்பாமல் சரிபார்க்கவும் வழி உண்டு. எல்லா வால்வும் வெளியே, மெயின்ஸ் பிடுங்கியாச்சு, ஃபில்டர் கண்டன்சரை 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் வடித்தாச்சு என்று மீட்டரில் உறுதி செய்துகொண்டு, ரெண்டு அவுட்புட் சாக்கெட்டின் 3-ஆம் கால்களுக்கு நடுவே 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரின் 24 வோல்ட் ஏ.சி. கொடுங்கள். 8-இல் 0.836 வந்தால் விகிதம் 28.7, அதன் வர்க்கம் சுமார் 825, எட்டால் பெருக்கினால் 6600 ஓம். ஒரு ஜோடி இ.எல்.34-க்குப் பொருந்தும் எண். அதே கணக்கில் 4-இல் 0.59, 15-இல் 1.14, 100 வோல்ட் டெர்மினலில் 5.4 வர வேண்டும்.

வளவுவாசி:
போனில் இருந்து பாட்டு போட முடியுமா? ரெண்டு பின் பிளக்கையே வைத்துக்கொள்ளலாமா? இந்த வீட்டில் பழைய கட்டுகளில் எர்த்தே இல்லை.

சீரிஸ்பல்பு:
எர்த் இல்லாத பாயிண்டில் இதைப் போடக் கூடாது. மூணு கோர் ஒயர், எர்த்தை சேசிஸில் பெயிண்டைச் சுரண்டித் தனி போல்ட்டில். ஃபேஸில் 1 ஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ். எர்த் உள்ள லைனைப் புதிதாக இழுத்த பிறகுதான் ஆன் செய்ய வேண்டும். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு ஒரு சின்னக் கண்டன்சர் போட்டிருப்பார்கள், அதை வெட்டி எறியுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

தேவகோட்டை_ஓம்ஸ்:
அதை வெட்ட நானும் கை தூக்குகிறேன்.

போனுக்கு: இடது, வலது ரெண்டையும் நேராக முறுக்கிச் சேர்க்காதீர்கள். ஆளுக்கொரு 4.7 கிலோ ஓம் வழியாகச் சேர்த்து பிக்கப்பில் கொடுங்கள். ரெக்கார்டு பிளேயர் என்றால் கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ் நேராகப் போகும். மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜுக்கு முன்னால் தனி போனோ பிரீஆம்ப் வேண்டும், இல்லையென்றால் கீச்சென்று கேட்கும். ஹம் வந்தால் எர்த்தைக் கழற்றாதீர்கள். சிக்னல் ஒயரில் 600க்கு 600 ஓம் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

வளவுவாசி:
அளந்தாச்சு. ரெண்டு சாக்கெட்டில் 1-ம் 8-ம் இணைந்திருக்கின்றன, ஹீட்டர் 2, 7. மூன்றாவதில் 2, 8. அங்கே இருந்த வால்வில்தான் '34'. கேதோடு ரெசிஸ்டர் 472, 468 ஓம். ஆனோடு பக்கம் 100 கிலோ என்று நிறம் காட்டும் ரெசிஸ்டர் ஒன்று 131 காட்டுகிறது. 24 வோல்ட்டுக்கு 0.58, 0.83, 1.13, 5.4. டையோடும் 10 கிலோவும் வைத்து ஏற்றியதில் முழு வோல்டேஜில் 14 வோல்ட்டில் நின்றது. சின்ன வால்வுகளைப் போட்டுப் பார்த்தபோது 5-ஆம் காலில் ஒரு பக்கம் 0, இன்னொரு பக்கம் 4.6 பாசிட்டிவ்.

தேவகோட்டை_ஓம்ஸ்:
14 வோல்ட் என்றால் 1.4 மில்லி ஆம்பியர். ஃபில்டர் கண்டன்சர் பிழைத்தது, தொடாதீர்கள். 131 காட்டும் ரெசிஸ்டரை மாற்றுங்கள்.

சீரிஸ்பல்பு:
4.6 காட்டும் பக்கத்தை மட்டுமல்ல, கப்ளிங் ரெண்டையும் மாற்றுங்கள். பூஜ்யம் காட்டுவது சூடேறினால் மாறும். ஃபில்டரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டுச் சூடு பாருங்கள், அதில் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. டையோடைக் கழற்றி ரெக்டிஃபயர் வால்வைத் திரும்பப் போட்டு, அவுட்புட் வால்வுகளோடு ஆன் செய்ததும் அவற்றின் 8-ஆம் காலில் (கேதோடு) அளங்கள். 30 வோல்ட் சுற்றி வந்தால் 470 ஓமுக்கு 64 மில்லி ஆம்பியர், அது சரி. ரெண்டுக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வால்வை இடம் மாற்றுங்கள். வித்தியாசம் வால்வோடு போனால் ஜோடி சரியில்லை. அதே சாக்கெட்டில் நின்றால் ரெசிஸ்டரைப் பாருங்கள். முதல் பத்து நிமிஷம் விளக்கை அணைத்துவிட்டுப் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருங்கள், சிவப்பு தெரிந்தால் உடனே ஆஃப்.

மைக்செட்_கோட்டையூர்:
அதுக்கு முன்னாடி 8-ல ரெசிஸ்டரை மாட்டிட்டீங்களான்னு ஒருதரம் பாத்துக்கங்க. 100 வோல்ட் டெர்மினல் மேல டேப் சுத்தி வைங்க, வீட்ல பிள்ளைக கை வைக்கும்.