பிளாண்டார் ஃபேசியைடிஸுக்குத் தமிழ்ச் சொல் – வெள்ளிக்குள் வேண்டும்

க. எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குதிகால் வலியோடு வருகிறவர்கள் கையில் கொடுக்க இரண்டு பக்கக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சுளுக்கு, வீக்கம், எலும்பு முறிவு என்ற சொற்கள் எல்லாம் தானாக வந்துவிட்டன, பிளாண்டார் ஃபேசியைடிஸில் மாட்டிக்கொண்டேன். முதலில் 'உள்ளங்கால் திசுப்படல அழற்சி' என்று எழுதி ஒரு நோயாளியிடம் வாசிக்கக் கொடுத்தேன். 'படலம்' வந்ததும் நிறுத்திவிட்டு, "இது கண்ணில் வருவதில்லையா?" என்று கேட்டார்.

குதிகால் எலும்பின் அடிப்புறத்தில் தொடங்கி விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டை, அதில் வரும் கோளாறு. காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி இறங்கினாற்போல் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தின் ஓரத்தால் பத்துப் பன்னிரண்டு அடி நடந்தால் கொஞ்சம் தணியும், ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே கதை. இதற்கு ஒரு பெயர் கொடுங்கள்.

மு. எழுதியது:

அம்மா, 'அடி' என்ற நல்ல சொல் இருக்க உள்ளங்கால் எதற்கு? 'அனிச்சமும் அன்னத்தின் தூவியும் மாதர் அடிக்கு நெருஞ்சிப் பழம்' என்கிறது குறள். அடியில் முள் குத்தும் வலியை 1120ஆம் குறளிலேயே சொல்லியாயிற்று. ஃபேசியா என்றால் இலத்தீனில் பட்டை, கட்டு. ஆகவே 'அடிப்பட்டை அழற்சி'. குதி என்பதும் குதித்தலிலிருந்து வந்தது என்பதே என் எண்ணம், குதித்து இறங்கும்போது முதலில் நிலத்தைத் தொடுவது அதுதானே.

வி. எழுதியது:

ஐயா, குதித்தால் முதலில் நிலத்தைத் தொடுவது முன்பாதம். குதிகாலால் இறங்கிப் பாருங்கள், மறுநாள் அக்காவிடம்தான் வரவேண்டியிருக்கும். அப்புறம் 'அடிப்பட்டை'யில் ஒரு ப் விழுந்தால் 'அடிபட்டை' ஆகிவிடும், யார் அடித்தார்கள் என்று நோயாளி கேட்பார். அடி என்றால் பாதம், உதை, கீழ்ப்புறம், செய்யுள் வரி, பன்னிரண்டு அங்குலம், இத்தனையும் வருகிறதே. ஊரறிந்த 'குதிகால் வாதம்' இருக்க ஏன் இந்தப் பாடு?

க. எழுதியது:

தம்பி, வாதம் வேண்டாம். கால் விளங்காமல் போனாலும் வாதம், மூட்டு வலித்தாலும் வாதம். தலைப்பில் அந்தச் சொல்லைப் பார்த்தாலே பாதிப் பேர் பக்கவாதம் என்று பயந்துவிடுவார்கள்.

செ. எழுதியது:

நான் மருத்துவன் இல்லை, இயந்திரப் பொறியாளன். பாதத்தின் வளைவு ஒரு வில் என்றால் அந்தப் பட்டைதான் நாண். உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கி மறு முழங்கால்மேல் போட்டு, விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். உள்ளங்காலில் கயிறுபோல் ஒன்று விறைத்துக்கொண்டு கட்டைவிரலுக்குத் தட்டுப்படும், வளைவும் எழும்பும். கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையோடு இதை ஒப்பிட்டு ஹிக்ஸ் என்பவர் 1954இலேயே எழுதியிருக்கிறார். ஆகவே 'அடிநாண்'. வேறு சொல்லே தேவையில்லை.

வி. எழுதியது:

அண்ணா, தசைநாண் என்ற சொல் தசையை எலும்போடு கட்டுவதற்கு ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் பட்டை எலும்பிலிருந்து விரலடிக்குப் போகிறது, தசையே இல்லை. அதற்கு இரண்டு அங்குலம் மேலே குதிகாலின் பின்னால் ஓடும் அக்கிலிஸ் தசைநாண்தான் உண்மையான நாண். இரண்டையும் நாண் என்றால் படிக்கிறவர் எதை இழுப்பார்?

மு. எழுதியது:

அக்கிலிஸ் என்று கிரேக்க வீரன் பெயரை ஏன் சுமக்கவேண்டும், 'குதிநாண்' என்று சொல்லிவிட்டுப் போகலாமே. அவனைப்போல் காலில் அம்பு பட்டு உயிர் விட்டவன் நம் பக்கமும் உண்டு. கண்ணனின் பாதத்தை மான் என்று நினைத்து வேடன் எய்தான்.

யோ. எழுதியது:

இலங்கையிலிருந்து ஒரு குரல். புரியாது புரியாது என்று எல்லோரும் பயப்படுகிறீர்கள். நாங்கள் பள்ளியில் எலும்பு என்று அல்ல, என்பு, என்பு முறிவு என்றே படித்தோம். 'என்பும் உரியர் பிறர்க்கு' என்று குறளில் இருப்பதாலா எங்களுக்கு விளங்கியது? பத்து வயதில் காதில் விழுந்ததால் விளங்கியது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், மாணவர்கள் படித்து வைத்தியர்களாக வந்தார்கள். எந்தச் சொல்லானாலும் முதல் வருடம் கரடுமுரடாகத்தான் இருக்கும். நான் அடிநாணுக்கு ஆதரவு.

க. எழுதியது:

யோ. சொல்வது பள்ளிக்குச் சரி. என் ஆளுக்கு ஒரு வருடம் கிடையாது, வரிசையில் நிற்கும் ஐந்து நிமிடம்தான்.

எனக்கு உறுத்துவது பட்டையும் நாணும் இல்லை, 'அழற்சி'தான். அதில் அழல் இருக்கிறது, படித்ததும் உள்ளே எரிகிறது, மாத்திரை போட்டு அணைக்கவேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அறுவையின்போது எடுத்த 50 பேரின் திசுவைப் பார்த்து 2003இல் ஒரு கட்டுரை வந்தது: அங்கே அழற்சிக்கான அடையாளம் இல்லை, நார்கள் தேய்ந்து நைந்திருந்தன. பழைய துணி இழுத்த இடத்தில் நைந்துபோகுமே, அது மாதிரி. 'நைவு' என்று போட்டால் என்ன? நைந்ததை யாரும் அணைக்கப் பார்க்கமாட்டார்கள், சுமையைக் குறைத்து மெல்ல மெல்லப் பழக்குவார்கள். நான் சொல்லிக்கொடுப்பதும் அதுதான்: முதல் அடி வைப்பதற்கு முன்னாலேயே செ. சொன்ன மாதிரி விரல்களை இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடி, பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் கத்தி படாமலே சரியாகிவிடும்.

'குதிமுள்' என்ற சொல்லையும் இதே காரணத்துக்காக எடுத்துவிட்டேன். எக்ஸ்ரேயில் அந்த எலும்புத் துருத்தல் வலியே இல்லாத பலருக்கும் தெரியும். முள் என்று சொல்லிவிட்டால் எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்பார்கள், முள்ளை யார் உள்ளே விட்டுவைப்பார்கள்?

மு. எழுதியது:

நைவு அருமை அம்மா, நான் பின்வாங்குகிறேன். ஆனால் சேர்த்து எழுதும்போது 'உள்ளங்காற்பட்டை நைவு' என்றே வரவேண்டும். 'லள வேற்றுமையில் றடவும்' என்று நன்னூல் சொல்கிறது, வல்லினம் வந்தால் லகரம் றகரமாகும். முள்ளை வைத்திருந்தால் அதுவும் 'குதிகான்முள்' ஆகியிருக்கும்.

வி. எழுதியது:

ஐயா, 'குதிகான்' யாரோ ஒரு அரசன் பெயர் மாதிரி இருக்கிறது. காற்பட்டை என்றால் காற்று அடைக்கிற பட்டையா என்பார்கள். புணர்ச்சி வேண்டாம், இடைவெளி விட்டு எழுதுங்கள்.

மு. எழுதியது:

பாற்குடம், கற்கண்டு எல்லாம் வாயில் நுழைகிறதல்லவா? இன்று றகரத்தை விட்டால் நாளை ஒற்றெழுத்து எல்லாம் போகும். புரியவேண்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் பாதித் தமிழைக் கழற்றி வைத்துவிட்டோம்.

க. எழுதியது:

சற்றுமுன் அனுப்பிவிட்டேன். தலைப்பு 'காலையில் குதிகால் வலி'. உள்ளே முதல் வரியில் 'உள்ளங்கால் பட்டை நைவு', இடைவெளியோடு, பக்கத்தில் பிளாண்டார் ஃபேசியைடிஸ் என்று தமிழெழுத்தில். மருந்துச் சீட்டில் அதைத்தான் எழுதுவார்கள், அடையாளம் தெரியவேண்டுமே. ஐயா மன்னிக்கவேண்டும். செ. அண்ணாவின் வில் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

செ. எழுதியது:

படத்தில் நாண் என்று எழுதினீர்களா, பட்டை என்று எழுதினீர்களா?

க. எழுதியது:

பட்டை.

செ. எழுதியது:

வில்லுக்குப் பட்டை! சரி, பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன், நான் இன்னும் அடிநாண்தான்.

யோ. எழுதியது:

நானும். இன்னொன்று, இரண்டாம் பக்கத்தில் கணுக்கால் மடங்கி மூட்டைக் கட்டும் நார் கிழிவதும் சுளுக்கு, ஓடும்போது கெண்டைத் தசை இழுத்துக்கொள்வதும் சுளுக்கு என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு அல்லவா?

மு. எழுதியது:

நல்ல கேள்வி. சுளுக்கு என்பதைச் சுளித்தலோடு வைத்துப் பார்க்கவேண்டும். முகம் சுளிப்பது, ஆற்றில் சுழி…

க. எழுதியது:

ஐயா, அது அடுத்த பதிப்புக்கு.