மாமாவுக்கு விட்டமின் ஈ மாத்திரை வாங்கலாமா?

செல்வி அத்தை: *ஃபார்வர்டு: மாரடைப்புக்கு மூல காரணம் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்! தினம் ஒரு விட்டமின் ஈ போதும்!!*
யாழினி, மாமாவுக்கு இதை வாங்கிடட்டா?

யாழினி: வேண்டாம் அத்தை. ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், அதாவது உடம்புல ஆக்சிஜனேற்றம் அளவுக்கு மீறுறது, அதைக் காரணம்னு சொன்னதுல உண்மை இருக்கு. ரத்தக்குழாய்ச் சுவர்ல தங்குற எல்டிஎல்ங்கிற கெட்ட கொழுப்பு ஆக்சிஜனேற்றம் ஆகித்தான் அடைப்பு வளருது. விட்டமின் ஈ ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்குற ஆன்டிஆக்சிடன்ட்தான், ஆனா மாத்திரையா எடுத்தா மாரடைப்பைத் தடுக்கல. ஹோப்னு பெரிய ஆய்வு, 2000-ல வந்துச்சு. 9,500 பேருக்கு மேல, பாதிப் பேருக்கு தினம் 400 யூனிட் விட்டமின் ஈ, நாலரை வருஷம். மாரடைப்பு குறையவே இல்ல. தொடர்ந்து பாத்து 2005-ல சொன்னப்போ, மாத்திரை எடுத்தவங்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் ரத்தத்தை சரியா பம்ப் பண்ண முடியாத நிலை) கூடியிருந்துச்சு

செல்வி அத்தை: அப்போ நெல்லிக்கா?

யாழினி: காய், பழம் எல்லாம் தாராளமா சாப்பிடுங்க. மாத்திரைதான் வேண்டாம்

கதிர்: அக்கா என் வாட்ச்ல எச்ஆர்வி 28 காட்டுது 😟

யாழினி: எச்ஆர்வின்னா துடிப்புகளுக்கு நடுவுல இடைவெளி எவ்வளவு மாறுதுங்கிறது. ஒருநாள் நம்பர்ல ஒண்ணும் இல்லடா. தூக்கம் கெட்டாலே இறங்கும். ட்ரெட்மில் டெஸ்ட்ல நாங்க கவனிக்கிறது வேற. நிறுத்துன முதல் நிமிஷத்துல துடிப்பு எவ்வளவு இறங்குதுன்னு பாப்போம். 12 துடிப்பு அல்லது அதுக்கும் கம்மியா இறங்குனவங்களுக்கு இறப்பு ஆபத்து அதிகம்னு 1999-ல கிளீவ்லாண்ட்ல கண்டுபிடிச்சாங்க. அப்படி துடிப்பை இறக்குற வேகஸ் நரம்புதான் இதயத்துக்கு பிரேக்

யாழினி: ஆக்சிஜனேற்றமும் இந்த பிரேக்கும் ஒரே கதைதான். பிரேக் தளர்ந்து இதயத்தை வேகப்படுத்துற அட்ரினலின் பக்கம் ஓங்கியே இருந்தா, ரத்தக்குழாய்லயும் ஆக்சிஜனேற்றம் கூடும். தினம் வேகமா நடந்தா வேகஸும் பலப்படும், உடம்போட சொந்த ஆன்டிஆக்சிடன்ட் நொதிகளும் கூடும். மாமா சிகரெட்டை விட்டாரா?

மாமா: விட்டாச்சும்மா. நடக்கவும் செய்றேன். நேத்து மாடி ஏறுறப்போ மட்டும் வேர்த்துக் கொட்டி மூச்சு வாங்குச்சு. வலி ஒண்ணும் இல்ல, கேஸா இருக்கும்

யாழினி: மாமா, உங்களுக்கு ரொம்ப வருஷமா சுகர். சுகர் வேகஸையும், இதய வலியைச் சொல்ற நரம்புகளையும் கெடுக்கும், அப்போ மாரடைப்பே வலியில்லாம வரலாம். வலி இல்லைன்னு விடாதீங்க. இப்பவே ஈசிஜி, ட்ரோபோனின் (இதயத் தசை கெட்டிருக்கான்னு காட்டுற ரத்தப் பரிசோதனை) ரெண்டும் பாக்கணும்

செல்வி அத்தை: எங்கிட்ட சொல்லவே இல்லையே இவர் 😢

யாழினி: இப்போ எப்படி இருக்கு மாமா? வேர்வை, மூச்சுத் திணறல் ஏதாவது இருக்கா? இருந்தா உடனே 108

மாமா: இப்போ ஒண்ணும் இல்லம்மா

யாழினி: சரி. படி ஏறாதீங்க, வண்டி ஓட்டாதீங்க. அத்தை, சுகர் மாத்திரை சீட்டு, பழைய ஈசிஜி எடுத்துக்கோங்க

கதிர்: கார் எடுத்துட்டேன். ரெண்டு நிமிஷத்துல வாசல்ல இருப்பேன் மாமா