இரைப்பை பைபாஸ் அறுவைக்குப் பிறகு சாப்பிட்டதும் படபடப்பு, சோறு சிக்கிக்கொள்ளுதல், மலச்சிக்கல்: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: ரோஸ் ஹில் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. மொரிசியஸில் ரோஸ் ஹில்லில் வசிக்கிறேன்; தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். கடந்த செப்டம்பரில் சென்னைக்குச் சென்று, எடையைக் குறைப்பதற்காக இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டேன். அன்று 118 கிலோவாக இருந்த எடை இப்போது 91 கிலோ. 12 ஆண்டுகளாக என்னை ஆட்டிவைத்த சர்க்கரை நோயும் பெரிதும் அடங்கிவிட்டது. ஆகவே அறுவை செய்துகொண்டதில் எனக்கு வருத்தமில்லை. வயிறுதான் இன்னும் எனக்கு வசப்படவில்லை.

தைப்பூசத்தன்று நடந்ததைச் சொல்கிறேன். காவடிகள் வந்து சேர்ந்து பூசை முடிந்தபின் கோவிலில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறினார்கள். இரண்டு பிடி சோறு, கறிகளில் ஒவ்வொரு வாய், ஒரு கிண்ணம் ரசம், கடைசியில் சேமியாவும் ஜவ்வரிசியும் போட்ட பாயசம். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று பரிமாறிய அம்மையார் இன்னொரு கரண்டி ஊற்றியபோது எனக்கு மறுக்க வாய் வரவில்லை. இலையை மடித்துவிட்டுக் கை கழுவி வருவதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, முகமெல்லாம் வியர்த்தது, ஈரத்துணியைப் பிழிவதுபோல் வயிறு முறுக்கியது. செருப்பு விட்ட இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது.

ஆனால் வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது, சாப்பிட்டு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கழித்துக் கை நடுங்கியது, கண் இருட்டியது, பேய்ப்பசி எடுத்தது. என் மகன் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 3.1 மில்லிமோல் (இந்தியக் கணக்கில் சுமார் 56 மி.கி.) என்று காட்டியது. உடனே ஒரு பெரிய டம்ளர் அலூதா, அதாவது இங்கே விற்கும் இனிப்புப் பால் பானம், வாங்கிக் கொடுத்தான். குடித்ததும் தெளிந்துவிட்டது. ஆனால் இரவு எட்டு மணிக்கு மறுபடியும் அதே நடுக்கம்.

இவை போக, வெறும் சோறும் கடையில் வாங்கும் மெத்தென்ற ரொட்டியும் நெஞ்சில் நின்றுகொண்டு இறங்க மறுக்கின்றன. வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறி, வெளியே வந்த பிறகுதான் நிம்மதி. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியதிலிருந்து நான்கைந்து நாளுக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது. வகுப்பில் நிற்கும்போது வயிற்றில் காற்று உருளும் ஓசை மாணவர்களுக்கே கேட்கிறது என்பதை எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

இங்கே நான் காட்டும் மருத்துவர், அறுவை செய்தவரையே கேளுங்கள் என்கிறார். சென்னையிலோ நேரில் வாருங்கள் என்கிறார்கள். இவற்றில் எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எது சாப்பாட்டை மாற்றினால் மாறும், எதற்கு ஓட வேண்டும் என்று பிரித்தறிய முடிந்தால் போதும்.

பதில்: காத்ர் போர்ன் வாசகர்

வணக்கம் சகோதரி. நானும் பைபாஸ்காரன்தான், மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே கோளாறாகக் கருதுகிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் முதல் ஆண்டு முழுவதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறு குறிப்பேட்டில், உண்டு முடித்த நேரத்தையும் தொல்லை தொடங்கிய நேரத்தையும் எழுதத் தொடங்கிய பிறகுதான் அவை வேறு வேறு என்பது எனக்குப் புலப்பட்டது. என்ன சாப்பிட்டோம் என்பதைவிட, சாப்பிட்டு எத்தனை நிமிடம் கழித்து வந்தது என்பதுதான் அதிகம் சொல்கிறது.

உங்களுக்குக் கோவிலில் வந்ததை டம்பிங் என்பார்கள். இரைப்பையின் வாயிலில் இருந்த காவல்காரனைத் தாண்டிப் பாதை போட்டுவிட்டதால், முட்டையளவே உள்ள புதிய பையிலிருந்து பாயசம் நேரே சிறுகுடலில் கொட்டுகிறது. அவ்வளவு இனிப்பும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தால், அதை நீர்க்கச் செய்ய இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இறங்குகிறது. அதனால்தான் படபடப்பு, வியர்வை, முறுக்கு, பேதி. இது பெரும்பாலும் 10 நிமிடம் முதல் அரைமணி நேரத்துக்குள் வந்துவிடும். வந்தால் படுத்துக்கொள்ளுங்கள், நின்றுகொண்டிருந்தால் தலைசுற்றல் கூடும்.

நீங்கள் செய்த இன்னொரு தவறு ரசம். சோற்றோடு சேரும் நீர்ப்பொருள் எதுவாயினும் உணவைக் கரைத்து விரைவாகத் தள்ளிவிடும். நான் உண்ணத் தொடங்குவதற்கு அரைமணி முன்பும் உண்டு முடித்து அரைமணி பின்பும் தண்ணீர்கூடத் தொடுவதில்லை. ரசம் எனக்கு உயிர். அதை நான்கு மணிக்குத் தனியாக, தேநீர்போல் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறேன். வீட்டில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சோறு சிக்குவதற்கு டம்பிங்கோடு தொடர்பில்லை. அது வேகத்தாலும் பதத்தாலும் வருவது. மெத்தென்ற ரொட்டியை மெல்லும்போது அது உருண்டையாகத் திரண்டு பையின் வாயில் பஞ்சுபோல் அடைத்துக்கொள்கிறது. அதே ரொட்டியை மொறுமொறுப்பாகச் சுட்டால் தூளாகி இறங்கிவிடுகிறது. எனக்கு ஓராண்டு வரை வெறும் சோறு ஆகவில்லை. பருப்போடு குழைய மசித்தால் இறங்கியது. முதலில் புரதம், பிறகு காய், வயிற்றில் இடமிருந்தால் மட்டும் சோறு என்று வரிசையை மாற்றினேன். தோஃபு, முட்டை, மீன், இங்கே குரோ புவா என்று விற்கும் பெரிய வெள்ளை அவரை ஆகியவை எனக்கு ஒத்துக்கொண்டன. காப்பித் தட்டில்தான் சாப்பிடுகிறேன். குழந்தைக்கு ஊட்டும் சிறு கரண்டி. ஒவ்வொரு வாய்க்கும் பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்தத் தட்டை முடிக்க 25 நிமிடம் ஆகும். போதும் என்று வயிறு சொல்வதை இப்போதெல்லாம் என் மூக்கு முதலில் அறிவிக்கிறது: ஒரு துளி நீர் வழியும், இல்லையெனில் விக்கல் வரும். அதற்கு மேல் ஒரு வாய் வைத்தாலும் வாந்திதான். இது எல்லோருக்கும் உண்டா என்று தெரியவில்லை, ஆனால் உங்களுக்கும் ஏதாவதோர் அறிகுறி இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

கோவில் சாப்பாட்டுக்கு என் வழி: பரிமாறுகிறவரிடம் முன்கூட்டியே, வயிற்றில் அறுவை ஆகியிருக்கிறது, பாயசம் ஒரு சொட்டு மட்டும் என்று சொல்லிவிடுவேன். ஒரு சொட்டும் பிரசாதம்தானே.

பதில்: செவிலியர், போர்ட் லூயிஸ்

வணக்கம் அம்மா. நான் தஞ்சாவூரைச் சேர்ந்தவள். இங்கே ஒரு மருத்துவமனையில் அறுவைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மேலே ஐயா எழுதியவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் அவர் தொடாத ஒன்றுதான் எனக்குக் கவலையளிக்கிறது: 3.1 என்ற அந்த எண்.

உண்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வரும் நடுக்கம் வேறு வகை. இனிப்பு குடலில் விரைந்து ஏறியதும் உடல் பதறிப்போய் இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரந்துவிடுகிறது. பின்னர் சர்க்கரை மளமளவென்று இறங்குகிறது. பைபாஸ் ஆனவர்களுக்கு இது நேர்வதுண்டு. பலருக்கு ஓராண்டு கடந்த பிறகுதான் தலைகாட்டும். உங்களுக்கு நான்காம் மாதத்திலேயே வந்திருப்பதால் கேட்கிறேன்: பழைய சர்க்கரை மாத்திரைகளில் எதையாவது இன்னமும் விழுங்குகிறீர்களா? கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. 118 கிலோவில் நிர்ணயித்த அளவு இப்போது ஆபத்தானது. மாத்திரைப் பட்டியலை எடுத்துக்கொண்டு நாளையே மருத்துவரைப் பாருங்கள்; இதற்குச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை.

சர்க்கரை 4-க்குக் கீழே இறங்கினால் அலூதா வேண்டாம். அதிலுள்ள பாலும் சர்க்கரைப்பாகும் அடுத்த ஏற்றத்தையும் அடுத்த இறக்கத்தையும் தாமே கொண்டுவரும். அன்றிரவு எட்டு மணிக்கு நடந்தது அதுவாக இருக்கக்கூடும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் நீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடியும் குத்திப் பாருங்கள். தெளிந்ததும் ஒரு முட்டையோ ஒரு பிடி வேர்க்கடலையோ மென்று சாப்பிடுங்கள். சாப்பாட்டை மாற்றியும் இது தொடர்ந்தால் அகார்போஸ் போன்ற மருந்துகள் உள்ளன. அவற்றை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

மலச்சிக்கலுக்கு இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பைபாஸில் இரும்பை நன்றாக உறிஞ்சும் குடற்பகுதியே ஒதுக்கப்பட்டுவிட்டது. நிறுத்தினால் சோகை வரும். கால்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்தில் விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையை நம் வனிலாத் தேநீரோடு சேர்த்துக் குடித்தால் பாதி வீணாகிவிடும். கால்சியம் வாங்கும்போது சிட்ரேட் வகையா என்று கேட்டு வாங்குங்கள். அமிலம் குறைந்த வயிற்றில் கார்பனேட் நன்றாகக் கரையாது. இந்தக் கோடை வெயிலில் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீரை வாய்வாயாக உறிஞ்சிக் குடிக்கிறீர்களா? பள்ளியில் நிற்கும் ஆசிரியைகள் குடிப்பதேயில்லை என்பது என் அனுபவம். நீர் போதாமல் இசப்கோல் எடுத்தால் அடைப்பு கூடும். ஆகவே நீர் முதலில். மலமிளக்கியான லாக்டுலோஸ் தரலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

காற்றுக்கு இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கிறேன். அறுவைக்குப் பிறகு சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போகும். ஒரு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள், தயிர் பெரும்பாலும் தொந்தரவு தராது. சர்க்கரையில்லாத மிட்டாயும் சூயிங்கமும் வாயில் போடும் பழக்கம் இருந்தால், அவற்றிலுள்ள சார்பிட்டால் காற்றையும் பேதியையும் உண்டாக்கும்.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்கூட ஒரு நாள் முழுவதும் தங்காமல் வாந்தி வந்தால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரைப்பைப் பையும் சிறுகுடலும் சேரும் இணைப்பு சுருங்கியிருக்கலாம், அதை எண்டோஸ்கோபி வழியாகப் பலூன் வைத்து விரிப்பார்கள். வாந்தி பல நாள் நீடித்தால் பி1 வைட்டமின் தீர்ந்துபோய் நடை தள்ளாடும், பார்வை இரட்டிக்கும், நினைவு குழம்பும். அந்நிலையில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்க வேண்டும்; பைபாஸ் ஆனவர் என்பதை உங்கள் மகன் அங்கே முதல் சொல்லாகச் சொல்லட்டும். விட்டுவிட்டு வரும் கடும் வயிற்றுவலி, குடல் உள்ளே சிக்கியதாலும் வரலாம். வலது விலாவின் கீழே வலித்தால் பித்தக்கல்லாக இருக்கலாம். விரைந்து இளைத்தவர்களுக்கு அது வருவதுண்டு. கருத்த மலம் போனால் புண்ணாக இருக்கலாம். ஆனால் இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், தார்போல் பிசுபிசுத்து நாற்றமடித்தால் மட்டுமே அஞ்ச வேண்டும். மூட்டுவலி என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கி விழுங்காதீர்கள், பாராசிட்டமால் போதும்.

பதில்: டர்பன் வாசகி

தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதுகிறேன். எனக்குச் செய்தது பைபாஸ் அல்ல, ஸ்லீவ்: இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடும் அறுவை. என் தொல்லைகள் வேறு என்பதால், இங்கே படிக்கும் ஸ்லீவ்காரர்கள் மேலே உள்ள எல்லாவற்றையும் தங்களுக்கும் பொருத்திக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவே வந்தேன். எனக்கு டம்பிங் இரண்டு முறைதான் வந்தது. ஆனால் இரவில் படுத்தால் அமிலம் தொண்டை வரை எதுக்களித்து வரும். இரைப்பையை நீள்குழாயாக வெட்டிவிட்டதால் உள்ளே அழுத்தம் கூடுகிறது என்று விளக்கினார்கள். இரவு உணவை ஆறு மணிக்கே முடித்து, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்து, அமிலம் குறைக்கும் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் என் அக்காவுக்கு இது எதற்கும் அடங்காமல், கடைசியில் ஸ்லீவை பைபாஸாக மாற்றினார்கள். ரொட்டி விஷயத்தில் மட்டும் நாங்கள் எல்லோரும் ஒன்று: குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றித் தரும் எங்கள் ஊர்ப் பன்னி சௌவின் ரொட்டியைத் தொட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன, உள்ளே இருக்கும் அவரைக் கறியை மட்டும் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிறேன்.

மறுமொழி: ரோஸ் ஹில் ஆசிரியை

மூவருக்கும் நன்றி. செவிலியர் அம்மா கேட்டது குறியில் பட்டது. மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டிருந்தேன், ஆனால் கிளிக்ளசைடு பழைய சீட்டின்படி மாதாமாதம் வந்துகொண்டிருந்தது, நானும் கேள்வி கேட்காமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். சென்னையில் கொடுத்த கடிதம் உறைக்குள்ளேயே இருந்தது. மருத்துவர் அதை இன்றுதான் படித்து மாத்திரையை நிறுத்தினார். இரண்டு வாரத்தில் இரத்தப் பரிசோதனை.

குறிப்பேடு ஆறு நாள் எழுதியாகிவிட்டது. ரசத்தைத் தனியாகக் குடித்த நாள்களில் படபடப்பு இல்லை. சர்க்கரையில்லாத மிட்டாய் விஷயமும் உண்மை. பள்ளியில் தொண்டை வறண்டால் நாளுக்கு ஏழெட்டு போட்டுக்கொள்வேன், இப்போது அந்த டப்பாவில் ஏலக்காய் இருக்கிறது. மலச்சிக்கல் மட்டும் பாதிதான் சரியாகியிருக்கிறது. சோறு நேற்றும் ஒருமுறை நின்றது. வகுப்புக்கு மணி அடித்துவிட்டதென்று அவசரமாக விழுங்கினேன்.

காத்ர் போர்ன் ஐயாவுக்கு ஒரு கேள்வி: பருப்போடு மசித்த சோறு என்றீர்களே, எத்தனை கரண்டி பருப்புக்கு எத்தனை கரண்டி சோறு?

பதில்: காத்ர் போர்ன் வாசகர்

மூன்றுக்கு ஒன்று. மைசூர்ப் பருப்பு, வெந்தயம் நாலு, பெருங்காயம் ஒரு சிட்டிகை. சோற்றை இன்னும் ஒரு தம்ளர் நீர் கூட்டிக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள்.