பூச்சிட்ட மூளை ஸ்டென்ட்: குருதிச் சோதனைக்கு வழிகாட்டல் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நான் ஹற்றனைச் சேர்ந்தவள். பேராதனையில் பட்டப்பின் ஆய்வு மாணவி. மூளை நாடிச் சுவர் வலுவிழந்து பலூன்போல் உப்பும் புடைப்பின் வாயிலுக்குக் குறுக்கே வைக்கப்படும் ஸ்டென்ட் எனும் நுண்ணிய உலோக வலைக்குழாயின் பூச்சு உடலுக்கு ஒத்துப்போகிறதா என்று சோதிப்பதே என் ஆய்வு. தோட்டத்தில் கொழுந்து பறித்துவந்த என் பெரியம்மா இந்தப் புடைப்பு வெடித்தே இறந்தார். ஆகவே இது எனக்கு வெறும் ஆய்வுத் தலைப்பல்ல.

பூச்சற்ற உலோகத்தில் குருதிச் சிறுதட்டுகள் (குருதி உறைய உதவும் நுண்துணிக்கைகள்) ஒட்டி உறையாதிருக்க, நோயாளி பல மாதங்கள் அஸ்பிரினுடன் குளோபிடோகிரெல் போன்ற மருந்தையும் உட்கொள்ள வேண்டியுள்ளது. புடைப்பு ஏற்கெனவே வெடித்தவருக்கோ அம்மருந்துகளே குருதிக்கசிவின் அபாயத்தைக் கூட்டுகின்றன. பொஸ்போரில்கோலின் போன்ற பூச்சுகள் சிறுதட்டுகள் ஒட்டுவதைக் குறைப்பதற்கானவை. ஆனால் அதே பரப்பு, புடைப்பின் வாயிலை மூடி வளரவேண்டிய அகவணிக் கலங்களையும் (நாடியின் உட்சுவரைப் போர்த்தும் கலங்கள்) விலக்கிவிடக் கூடாது.

மருத்துவ சாதனங்களுக்கான சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 10993 இன் 5ஆம் பகுதி (10993-5) கூறும் கலநச்சுச் சோதனையை, அதாவது பொருள் கலங்களுக்குத் தீங்கு செய்கிறதா என்ற சோதனையை, முடித்துவிட்டேன். 10993-4 இன் கீழ் வரும் குருதித் தொடர்புச் சோதனையில்தான் சிக்கல்: குருதியைச் சுழலவிடும் குழாய் வளையத்தில் குருதி உறையாமல் தடுக்கும் ஹெப்பரினைக் கூட்டினால், பூச்சிட்ட மாதிரிக்கும் பூச்சற்றதற்கும் வேறுபாடே தெரிவதில்லை, குறைத்தால் மாதிரி இல்லாத வளையமும் உறைந்துவிடுகிறது. குழாயின் உட்பரப்பே இதற்குக் காரணமோ என ஐயுறுகிறேன்.

இச்சோதனையைச் செய்தவர்கள் பயன்படுத்திய ஹெப்பரின் அளவையும், குழாயின் வகையையும், சுழற்சி நேரத்தையும் தெரிவித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எதிலீன் ஒட்சைட்டு வாயுவால் கிருமியழித்தபின் பூச்சு மாறியதைக் கண்டவர்கள் இருந்தால், அந்த அனுபவத்தையும் அறியத் தாருங்கள்.