171 திறவுகோலா, தொடக்க மதிப்பா?

பழையநிரலன்:
டிபி-லிங்க் நிறுவனத்தின் காசா செருகிகளை (வைஃபை வழியாக ஏற்றி அணைக்கக்கூடிய மின்செருகிகள்) பைத்தான் நிரல்மொழி வழியாக இயக்குவது பற்றி மாலைநிரல் அவர்கள் நேற்று இங்கே எழுதிய அறிமுகத்தை வாசித்தேன். அதற்கான ஆயத்த நிரல்தொகுப்பாகிய பைத்தான்-காசா லைப்ரரியை நிறுவும் முறையையும், வைஃபையில் உள்ள செருகிகளைத் தேடிப் பிடிக்கும் முறையையும் ஒருவாறு சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் நடுவில், "செருகிக்கும் கணினிக்கும் இடையே செல்லும் செய்தி 171 என்ற திறவுகோலால் மறையாக்கப்படுவதால் அதை வேறு யாரும் படிக்க இயலாது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாரே, அதைப் படித்த பிறகு எனக்குக் காலைக் காபி இறங்கவில்லை. 171 திறவுகோல் அன்று. திறவுகோல் என்பது மறைசெய்தியைத் திறக்கும் இரகசிய எண்; இதுவோ மறையாக்கக் கணக்கைத் தொடங்கி வைக்கும் வெறும் தொடக்க மதிப்பு. லைப்ரரியின் மூலநிரலிலேயே அந்த மாறிலிக்கு "இனிஷியலைசேஷன் வெக்டர்" என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். மூலநிரலைத் திறந்தும் பாராமல் பிறருக்குப் பாடம் எடுக்கும் துணிச்சல் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

மாலைநிரல்:
ஐயா அவர்களின் காபிக்காக வருந்துகிறேன். மூலநிரலை நான் திறந்துதான் பார்த்தேன். ஐயாதான் மேல் வரியோடு மூடிவிட்டார் போலிருக்கிறது. அந்த மாறிலி கீழே இறங்கி, செய்தியின் ஒவ்வொரு பைட்டையும் மாற்றும் இடத்தில் எந்தப் பெயருள்ள மாறியில் போய் அமர்கிறது என்று பார்த்திருந்தால், அதன் பெயர் "கீ" என்பது தெரிந்திருக்கும். 2016-இல் எச்எஸ்110 என்ற காசா செருகியைப் பிரித்து ஆராய்ந்து, அதனுடன் பேசும் இந்த நெறிமுறையை வெளியிட்ட சாஃப்ட்செக் என்ற ஜெர்மன் நிறுவனத்தாரின் சிறு நிரலிலும் "கீ சமம் 171" என்றே இருக்கிறது. ஆராய்ந்து கண்டவர்களே திறவுகோல் என்று எழுதியிருக்கும்போது நமக்கு ஏன் இந்த வீம்பு?

பழையநிரலன்:
மாறிக்கு வைத்த பெயரைக் காட்டி வாதாடுகிறவரிடம் கணக்கைத்தான் காட்ட வேண்டும். செருகிக்கு அனுப்பும் ஒவ்வொரு கட்டளையும் ஜேசான் என்ற எழுத்து வடிவில் நெளிவு அடைப்புக்குறியுடன் தொடங்குகிறது. கணினியில் அந்தக் குறியின் எண் 123. அதை 171-உடன் எக்ஸ்ஆர் செய்தால் (இரு எண்களின் பிட்டுகளை ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் மட்டும் 1 இட்டால்) 208 கிடைக்கிறது. அடுத்து வரும் மேற்கோள்குறியின் எண் 34. அதை 171-உடன் அல்ல, சற்று முன் கிடைத்த 208-உடன் எக்ஸ்ஆர் செய்கிறார்கள், 242 வருகிறது. மூன்றாம் எழுத்துக்கு அந்த 242. இப்படியே ஒவ்வொரு எழுத்தும் தனக்கு முந்தைய மறைபைட்டின் தோளில் ஏறிச் செல்கிறது. ஆகவே வழியில் செய்தியைப் பிடித்தவன் பக்கத்துப் பக்கத்து பைட்டுகளை எக்ஸ்ஆர் செய்தாலே போதும், செய்தி முழுவதும் அவன் கைக்கு வந்துவிடும். 171 தெரியாததால் அவன் இழப்பது முதல் எழுத்தை மட்டுமே, அதுவும் அடைப்புக்குறி என்பது ஊரறிந்த செய்தி. சாவி தொலைந்த பிறகும் வீட்டுக்குள் தாராளமாகப் போய் வர முடிகிறது, வாசல் மிதியடியை மட்டும் காணவில்லை என்றால், தொலைந்ததன் பெயர் சாவியா? 171 திறவுகோல் அன்று.

ஈரோட்டுமின்னன்:
இருவரும் பொறுத்தருள வேண்டும். திறவுகோல் என்பதற்கும் மறையாக்கம் என்பதற்கும் நீங்கள் கொள்ளும் பொருள் என்ன என்று முதலில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். அந்த வரியில் என்னை உறுத்தியது "யாரும் படிக்க இயலாது" என்ற பகுதிதான். அந்தப் பழைய நெறிமுறையில் கடவுச்சொல்லே கிடையாது; ஒரே வைஃபையில் இருக்கும் எவரும் 9999-ஆம் போர்ட்டில் (செருகி செய்தி கேட்கும் வலைவாசலில்) பேசி விளக்கை ஏற்றலாம், அணைக்கலாம். லைப்ரரி இணைய சேவையை நாடாமல் வீட்டுக்குள்ளேயே வேலை செய்வதற்கும் இந்தத் திறந்த கதவுதான் காரணம்.

மாலைநிரல்:
ஈரோட்டு நண்பருக்கு நன்றி, அது வேறு பேச்சு. நான் கேட்பது ஒன்றுதான். திறவுகோல் பலவீனமானது என்பதால் அது திறவுகோலே இல்லை என்று ஆகிவிடுமா? டவுன் பஸ் மெதுவாகப் போகிறது என்பதற்காக அதை மாட்டு வண்டி என்று எழுத வேண்டுமா? தவிரவும், போன ஆண்டு, செருகியின் நிலையைக் கேட்கும் அப்டேட் அழைப்புக்கு முன்னால், பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் என்ற சொல்லைப் போட மறந்துவிட்டு, செருகியின் நிலை தெரியவில்லை, லைப்ரரியே பழுது என்று மூன்று நாள் இங்கே முழங்கியவர் யார் என்பது பலருக்கு நினைவிருக்கும். அவர் எனக்கு மூலநிரல் படிக்கக் கற்றுத் தருகிறார். 171 திறவுகோல்தான்.

பழையநிரலன்:
அந்தக் கதையை எப்போது எடுப்பார் என்று காத்திருந்தேன். பைஎச்எஸ்100 என்ற பழைய லைப்ரரியில் அவெய்ட் என்ற பேச்சே இல்லை. கேட்ட மாத்திரத்தில் பதில் வரும். அதிலிருந்து கிளைத்த பைத்தான்-காசா, பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலை செய்யும் ஒத்திசையா முறைக்கு மாறியபோது, பத்து ஆண்டுப் பழக்கத்தில் கை ஒரு சொல்லைத் தவறவிட்டது. அதை நான் அப்போதே திருத்திக்கொண்டேன். தம்பியின் கட்டுரையிலோ திருத்தப்படாத பிழை இன்னொன்றும் இருக்கிறது. இணைப்பு ஏற்படுத்திப் பேசும் டிசிபி வழியாக அனுப்பும் செய்திக்கு முன்னால் நீளத்தைக் குறிக்கும் நான்கு பைட் தலைப்பு வேண்டும். இணைப்பு இல்லாமல் அனுப்பும் யுடிபி வழியாகச் செருகிகளைத் தேடும்போது அந்தத் தலைப்பு கூடாது. மறையாக்கிய செய்தியின் முதல் நான்கு பைட்டை வெட்டிய பிறகே லைப்ரரி அதை வலையமைப்பு முழுமைக்கும் ஒலிபரப்புகிறது. தம்பியோ இரண்டுக்கும் தலைப்பு வைத்துப் படம் வரைந்திருக்கிறார். படத்தில் அம்புக்குறிகள் மட்டும் அழகாக இருக்கின்றன.

மாலைநிரல்:
தம்பி என்று அழைக்க வேண்டாம். எனக்கும் நாற்பது கடந்துவிட்டது. அந்தப் படம் அவசரத்தில் வரைந்தது, அதற்கும் இந்த வாதத்துக்கும் தொடர்பில்லை. தொடக்க மதிப்பு என்றால் ஒவ்வொரு செய்திக்கும் அது மாற வேண்டும். 171 எந்தச் செய்திக்கும் மாறுவதில்லை. இதற்கு ஐயா இன்னும் பதில் சொல்லவில்லை.

சொல்லாயுதன்:
நிரலகம் என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்க, இருவரும் விடாமல் லைப்ரரி, லைப்ரரி என்று எழுதுவது வருத்தமளிக்கிறது. செருகி என்பதும் ஐயத்துக்குரியது. இந்தக் கருவி சுவரில் செருகப்படுகிறது, விளக்கின் வயர் இதனுள் செருகப்படுகிறது; செருகுவதும் இதுவே, ஏற்பதும் இதுவே. இதற்குப் பொருத்தமான பெயரை முடிவு செய்யாமல் எண்ணைப் பற்றி மட்டும் இத்தனை நீளமாகப் பேசுவதன் பயன் எனக்கு விளங்கவில்லை.

பழையநிரலன்:
பெயர்சூட்டு விழாவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், புலவரே. மாலைநிரல் அவர்களே, எந்தச் செய்திக்கும் மாறாத, எல்லாச் செருகிகளுக்கும் பொதுவான, உலகுக்கே தெரிந்த எண்ணைத் திறவுகோல் என்பதைவிடத் தரக்குறைவான தொடக்க மதிப்பு என்பதுதான் பொருந்தும். 171 திறவுகோல் அன்று என்பதை நான்காம் முறையாகச் சொல்லவும் எனக்குத் தயக்கமில்லை.

ஈரோட்டுமின்னன்:
புதிதாக வரும் கருவிகள் பலவற்றில் இந்த 171 இல்லவே இல்லை என்பதையாவது கட்டுரையில் சேருங்கள். 2020 இறுதியில் பிரிட்டனில் சில எச்எஸ்100 செருகிகளுக்கு வந்த ஃபர்ம்வேர் (கருவிக்குள் இயங்கும் நிரல்) 9999-ஆம் போர்ட்டை மூடிவிட்டது. கிளாப் என்ற புதிய நெறிமுறையைப் பேசும் கருவிகளுக்குக் கணக்கின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தேவை. கட்டுரையை நம்பி வாங்குகிறவருக்கு இதுதானே முதலில் தெரிய வேண்டும்?

மாலைநிரல்:
நண்பர் நல்ல சான்றை எடுத்துத் தந்தார். கிளாப்பில் திறவுகோல் இருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். 171-இன் இடத்தில்தானே அது வந்து அமர்ந்தது? ஆகவே 171-ம் திறவுகோலே.

பழையநிரலன்:
கிளாப்பை இழுத்தீர்கள், மகிழ்ச்சி. அங்கே கணினி பதினாறு பைட் தற்செயல் எண் ஒன்றை அனுப்புகிறது, செருகி பதினாறு பைட் எண் ஒன்றைத் திருப்பித் தருகிறது. பயனர்பெயரிலிருந்தும் கடவுச்சொல்லிலிருந்தும் பிழிந்தெடுத்த ஹாஷ் (மூலத்தைத் திரும்பப் பெற முடியாத சுருக்க மதிப்பு) அவற்றோடு சேர்கிறது. அந்தக் கலவையிலிருந்து ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்கத்துக்கான திறவுகோலைத் தனியாகவும், தொடக்க மதிப்பைத் தனியாகவும் வடிக்கிறார்கள். தொடக்க மதிப்பின் வாலில் செய்திக்குச் செய்தி கூடிக்கொண்டே போகும் வரிசை எண்ணும் ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. அண்ணனையும் தம்பியையும் அருகருகே நிறுத்திய பிறகும் இருவரும் ஒரே ஆள் என்று சொல்கிறவரை நான் என்ன செய்ய?

மாலைநிரல்:
வீண் பேச்சை வளர்க்க விரும்பவில்லை. கட்டுரையில் அந்த வரியை "171 என்ற தொடக்கத் திறவுகோலால் மறையாக்கப்படுவதால்" என்று சற்று விரிவாக்கியிருக்கிறேன். முதலில் எழுதியதும் பிழையன்று.

பழையநிரலன்:
தொடக்கத் திறவுகோல் என்று இந்த உலகில் ஒன்றுமே கிடையாது! அதோடு, "யாரும் படிக்க இயலாது" அப்படியே நிற்கிறது. நான்கு பைட் தலைப்பும் படத்தில் அப்படியே நிற்கிறது. 171 திறவுகோல் அன்று.

சொல்லாயுதன்:
"தொடக்கத் திறவுகோல்" என்பதில் ஒற்று மிகுந்திருப்பது சரியே. லைப்ரரி மட்டும் இன்னும் திருத்தப்படவில்லை.