வாடகை, சொத்து விற்பனை, பிள்ளைகளின் ஜீவனாம்சம்: உங்களுக்கு என்ன நடந்தது?

கோவைக்காரி:
மகனுக்கு ஜீவனாம்சம் கேட்டு அவன் அப்பா மீது போட்ட மனு. அவர் கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் சம்பளம் மட்டும்தான். மெயின் ரோட்டில் மூன்று கடை வாடகைக்கு விட்டிருப்பது ஊருக்கே தெரியும். வாய்தாவுக்கு முன்னால் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். அந்தக் கடைகளின் கடைசிப் பதிவு தான செட்டில்மெண்ட் (விலை வாங்காமல் எழுதிக் கொடுப்பது), அவருடைய அம்மா பேருக்கு. கோர்ட் நோட்டீஸ் அவர் கைக்குப் போன அதே மாதம்! பக்கத்தில் பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அவனிடம் என்ன சொல்வது? நீதிபதி, "வாடகை யார் கணக்குக்குப் போகிறது?" என்று கேட்டு வங்கி ஸ்டேட்மெண்ட் தாக்கல் செய்யச் சொன்னார். இன்னும் அவர் கணக்குக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் இடைக்காலத் தொகை கூடியது.

சேலத்து அப்பா:
நான் எதிர்த்தரப்பில் நின்றவன். மனையை 58 லட்சத்துக்கு விற்றேன். 50 லட்சமும் அதற்கு மேலும் போனால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும், அது வருமானவரித் துறை நம் பேரில் வைத்திருக்கும் வரிப் பதிவில் (அப்போது 26ஏஎஸ் படிவம்) ஏறிவிடும். குறுக்கு விசாரணையில் அந்தத் தாளை நீட்டி, "பிள்ளைக்குக் கொடுக்கப் பணமில்லை என்றீர்களே?" என்றார் மனைவி தரப்பு வக்கீல். என் மகள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பணத்தில் பெரும்பகுதி வங்கிக் கடனுக்குப் போனதற்கு ரசீது கொடுத்தேன். மிச்சத்துக்கு வரும் வட்டியைத்தான் கணக்கில் எடுத்தார்கள். விற்ற தொகை முழுவதும் வருமானமாகிவிடாது. கோவை சகோதரி, எல்லா செட்டில்மெண்டும் ஏமாற்று இல்லை. அது அவர் அம்மா காசில் வாங்கியதாகவும் இருக்கலாம்.

ஈரோடு தம்பி:
அக்கா வழக்கு முடிவதற்குள் மாமா வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் வாசலில் சாவியோடு வந்து நின்றதை மறக்க முடியவில்லை.

சேலத்து அண்ணா, சந்தேகம் இருந்தால் ஆவணம் பேசட்டும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 4.11.2020 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தரப்புமே சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்றது. வாடகையும் அதில் வர வேண்டும். மனு போடும்போதே எதிர்த்தரப்புக்குச் சொத்து இருக்கிற ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் வில்லங்கம் பாருங்கள். விற்கப்போகிறார் என்று தெரிந்தால் தடையுத்தரவு கேளுங்கள். சொத்து வருமானத்திலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை இருந்தால், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 39ஆவது பிரிவுப்படி, சொத்தை இலவசமாகப் பெற்றவர் மீதும் விஷயம் தெரிந்தே வாங்கியவர் மீதும் அதை வலியுறுத்தலாம். தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரைத் தொட முடியாது. அதனால்தான் முன்கூட்டியே நோட்டீஸ் முக்கியம். பழைய உத்தரவு இருக்கும்போது அவருக்கு வாடகை கூடினால் தொகையை மாற்றக் கேட்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 127, 1.7.2024 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தில் 146. பாக்கியை ஒரு வருஷத்துக்கு மேல் தூங்கவிடாதீர்கள், வாரண்ட் கேட்கும் மனுவுக்கு அதுதான் கெடு.

குரோய்டன்:
இங்கிலாந்தில் இருக்கிறேன். இரண்டு பிளாட்டை வாடகைக்கு விட்டிருப்பவர் பிள்ளைக்கு வாரம் 7 பவுண்டு கட்டினால் போதும் என்று சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸிலிருந்து (ஜீவனாம்சத்தைக் கணக்கிடும் அரசு அமைப்பு) கடிதம் வந்தது. கையெல்லாம் நடுங்கியது. இங்கே சம்பளம், ஓய்வூதியம், தொழில் வருமானம் போன்றவற்றைத்தான் வரிக் கணக்கிலிருந்து தானாக எடுப்பார்கள், வாடகையை எடுப்பதில்லை. வருஷம் 2,500 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் நாமே 'வேரியேஷன்' (அதையும் சேர்த்துத் தொகையை மாற்றுவது) கேட்க வேண்டும். கேட்டேன், தொகை மாறியது. அப்புறம் ஒரு பிளாட்டை விற்றார். விற்ற லாபம் வருமானமாகாது. ஆனால் 31,250 பவுண்டுக்கு மேல் சொத்தோ சேமிப்போ இருந்தால், அதிலிருந்து ஒரு வருமானம் வருவதாக வைத்துக் கணக்குப் போடச் சொல்லிக் கேட்கலாம்.

கோவைக்காரி:
சேலத்து அண்ணா, அந்தக் கடைகள் கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கியவை. என் நகையை அடகு வைத்துத்தான் முன்பணம் கொடுத்தோம், ரசீது என்னிடம் இருக்கிறது. ஈரோடு தம்பி, 39ஆவது பிரிவைக் காட்டி மாமியாரையும் வழக்கில் சேர்க்க முடியுமா? அடுத்த வாய்தா வியாழக்கிழமை.