பிரிக்காத மாத்திரை அட்டை

செவிலி:
பொண்ணுக்கு 17 வயசு, தலைப்பிரசவம். நாலாம் மாசம் 9.4 இருந்த ஹீமோகுளோபின் ஆறாம் மாசம் 7.8க்கு இறங்கியிருந்துச்சு. இத்தனைக்கும் மாசாமாசம் நான்தான் இரும்புச்சத்து மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். "ஒழுங்கா போடுறியா?"ன்னு கேட்டா, கூட வந்த அம்மா முந்திக்கிட்டு, "போடுறா சிஸ்டர், நான் பக்கத்துலயே இருக்கேன்"னு சொல்லிடுவாங்க. பொண்ணு தலையை மட்டும் ஆட்டும்.

அன்னைக்கு அம்மாவைச் சீட்டு எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்பிட்டு, தனியா கேட்டேன். பையைத் திறந்து காட்டினா. மூணு அட்டை அப்படியே இருக்கு. முதல் அட்டையில மட்டும் அஞ்சு மாத்திரை இல்ல. அஞ்சாம் நாள் மலம் கறுப்பா போனதைப் பார்த்து, உள்ளுக்குள்ள ரத்தம் கசியுதோன்னு பயந்துட்டாளாம். அம்மாகிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டதுக்கு, "ஏற்கெனவே என்னால வீட்ல எல்லாருக்கும் கோவம் சிஸ்டர், இது வேறயா?"ன்னா.

இரும்பு மாத்திரை போட்டா மலம் கறுக்கும், அதுல பயப்பட ஒண்ணுமில்ல. எனக்குத் தெரியும். அவகிட்ட நான் சொல்லவே இல்ல. மூணு தடவை எண்ணிக் கொடுத்தேன், மூணு தடவையும் சொல்லல.

ரெண்டு பிள்ளைக்காரி:
படிச்சதும் என் 18 வயசு ஞாபகம் வந்துடுச்சு. எனக்கு ஐஸ்கட்டி பைத்தியம். ஃப்ரீசரைத் திறந்து திறந்து மென்னுக்கிட்டே இருப்பேன். பல் போயிடும், சளி பிடிக்கும்னு திட்டு வாங்கினதுதான் மிச்சம். ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்கும், அதுக்கு சோம்பேறின்னு பேரு. ஒரு டாக்டரம்மாதான் "மண்ணு, சாக்பீஸ், ஐஸ் இப்படி ஏதாவது திங்கணும்னு தோணுதா?"ன்னு நேரா கேட்டாங்க. வெட்கமா இருந்தாலும் ஆமான்னேன். உடம்புல இரும்புச் சேமிப்பு எவ்வளவுன்னு காட்டுற ஃபெரிட்டின் பார்த்தா வெறும் 6. மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துக்குள்ள ஐஸ் ஆசை போயே போச்சு. ரத்தம் ஏறினது அதுக்கப்புறம் மெதுவாத்தான்.

லேப்காரர்:
ஒரு விஷயம் சேர்க்கிறேன். கர்ப்பத்துல ரத்தத்தோட நீர்ப்பகுதி சிவப்பணுவைவிட வேகமா பெருகும். அதனால நடு மாசங்கள்ல ஹீமோகுளோபின் அளவு கொஞ்சம் இறங்குறது இயல்பு. கர்ப்பத்துல ரத்தசோகைன்னு சொல்ற எல்லைக்கோடு 11, நடு மூணு மாசத்துக்கு மட்டும் 10.5; அதுக்குக் கீழே போனா ரத்தசோகை. ஆனா 7.8ஐ "தண்ணி சேர்ந்ததால"ன்னு தள்ளிவிட முடியாது. 7க்குக் கீழே போனா கடுமையான ரத்தசோகைக் கணக்கு.

இன்னொண்ணு, மாத்திரையை ஒழுங்கா போட்டும் ஏறலன்னா தலசீமியா மரபுக்கூறு, அதாவது ஹீமோகுளோபின் சரியா உருவாகாம பரம்பரையா வர்ற குறை, இருக்கான்னும் பார்க்கணும். இரும்புக் குறைவுல மாதிரியே அதுலயும் சிவப்பணு சின்னதாத்தான் தெரியும். எல்லாத்தையும் இரும்பு மேலயே போடாதீங்க.

தங்கச்சிக்கு அக்கா:
எங்க வீட்ல கதையே வேற. தங்கச்சி ஒரு நாள்கூட விடாம போட்டா, ஆனா கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒண்ணா வாயில போட்டு, மேல ஒரு டம்ளர் பால்! மறக்காம இருக்கட்டும்னு நான்தான் சேர்த்து எடுத்து வெச்சேன். கால்சியம் இரும்பை உடம்புல சேர விடாதாம், டீ காபியும் அப்படித்தானாம். ரெண்டு மாசம் வீணாப் போச்சு. இப்ப இரும்பு காலையில, கால்சியம் ராத்திரி. வாந்தி வந்த நாள்லாம் ஒண்ணும் ஆகல, அடுத்த நாள் போட்டா போதும்னு டாக்டர் சொன்னதுதான் அவளுக்குப் பெரிய நிம்மதி.

ரெண்டு பிள்ளைக்காரி:
சிஸ்டர், அந்தப் பொண்ணு என்ன ஆனா?

செவிலி:
சொல்றேன். மாத்திரை மாத்திக் கொடுத்தும் குமட்டல் நிக்கல, நாளும் ஓடுது. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமா சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு வேணும். இவ உடம்பே இன்னும் வளர்ந்து முடியல, சேமிப்புன்னு எதுவும் இல்ல. அதனால 30ஆவது வாரத்துல டாக்டர் நரம்பு வழியா இரும்பு ஏத்தச் சொன்னாங்க. பிரசவத்துக்குப் போறப்ப 10.2. குழந்தை 2.4 கிலோ, கொஞ்சம் எடை கம்மிதான். தொப்புள்கொடியை உடனே வெட்டாம ஒரு நிமிஷத்துக்கு மேல விட்டாங்க, பிள்ளைக்காவது கொஞ்சம் இரும்பு சேரட்டும்னு.

ஆறு வாரம் கழிச்சு தடுப்பூசிக்கு வந்தா. இந்தத் தடவை அம்மா வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி அவகிட்டயே கேட்டேன், மாத்திரை போடுறியான்னு. "புள்ளைதான் பொறந்தாச்சே சிஸ்டர், இன்னும் எதுக்கு?"ன்னா.

பிரசவத்துக்கு அப்புறமும் மாசக்கணக்கா போடணும்னு அவகிட்ட யாரும் சொல்லல. யாரும்னா, நான்தான்.